துளையின் இரண்டு ஓரங்கள்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்களைக் கடைசல் பிடித்துக் கொடுக்கும் ஒரு பட்டறையில் பதினான்கு ஆண்டுகள் தர ஆய்வாளராக இருந்த நான், முப்பத்தெட்டாவது வயதில் மென்பொருள் சோதனையாளராக வேலை மாறினேன். ஆர்டர்கள் குறைந்து, இரவு ஷிப்ட் நின்று, நான்கு பேர் இருந்த ஆய்வுப் பிரிவுக்கு இரண்டு பேர் போதும் என்ற பேச்சு எழுந்தபோது, அந்த இருவரில் ஒருவனாக இருப்பேன் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. காரணம் அவ்வளவுதான், கணினி மீது சிறுவயதிலிருந்தே காதல் என்றெல்லாம் சொன்னால் அது பொய்.

முதலில் போனது காந்திபுரத்தில் இருந்த ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்கு. ஆறு மாதப் பயிற்சி, அறுபதாயிரம் ரூபாய் கட்டணம், நூறு சதவீதம் வேலை உறுதி என்றார்கள். என் வயதைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, மென்பொருள் துறையில் நான்கு ஆண்டு அனுபவம் இருப்பதாகச் சான்றிதழ் ஏற்பாடு செய்து தருவதாகவும், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். வருங்கால வைப்பு நிதியின் யூ.ஏ.என். எண்ணைப் போட்டுப் பார்த்தால் நான் எந்த மாதம் எந்த நிறுவனத்தில் இருந்தேன் என்பது வரிசையாக வந்துவிடும். பின்னணி சரிபார்ப்பவர்கள் பலர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். நேர்மை ஒருபுறம் இருக்கட்டும், பிடிபடுவது நிச்சயம் என்று தெரிந்த ஒரு பொருளுக்குப் பணம் கொடுப்பது எந்த ஆய்வாளனுக்கும் அழகில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். இணையவழிப் பாடங்களை இலவசமாகக் கேட்டேன், அத்துடன் மென்பொருள் சோதனையாளர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் ஐ.எஸ்.டி.கியூ.பி. அமைப்பின் அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்தேன். நாற்பது கேள்விகள், இருபத்தாறுக்குச் சரியான விடை எழுதினால் தேர்ச்சி. தாய்மொழியல்லாத மொழியில் எழுதுபவர்களுக்கு அறுபது நிமிடத்துடன் மேலும் பதினைந்து நிமிடம் தருகிறார்கள். பாலிடெக்னிக்கை விட்டுப் பதினேழு ஆண்டுகள் கழித்து ஆங்கிலத்தில் தேர்வு எழுதிய எனக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தின் அருமை தெரியும்.

அந்தப் பாடத்திட்டத்தில் எல்லை மதிப்புப் பகுப்பாய்வு என்றொரு பகுதி வருகிறது. அதைப் படித்த இரவில்தான் இந்த வேலை எனக்கு வரும் என்று முதன்முதலாகத் தோன்றியது. பட்டறையில் 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 டாலரன்ஸ் என்று டிராயிங்கில் இருந்தால், துளை 25.000-க்கும் 25.021-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று பொருள். ஆயிரம் துளைகளையும் ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்க நேரம் கிடையாது. ஆகவே இரண்டு முனைகள் கொண்ட பிளக் கேஜை எடுப்போம்: சிறிய முனையான 'கோ' உள்ளே போக வேண்டும், பெரிய முனையான 'நோ கோ' போகக் கூடாது. நடுவில் துளை 25.008 ஆக இருக்கிறதா 25.013 ஆக இருக்கிறதா என்று கேஜ் கேட்பதே இல்லை. அது இரண்டு ஓரங்களை மட்டுமே விசாரிக்கும். மென்பொருளிலும் இதே கதைதான். பதினெட்டு முதல் அறுபது வயது வரை விண்ணப்பிக்கலாம் என்று ஒரு படிவம் சொன்னால், முப்பதையும் நாற்பதையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. 17, 18, 60, 61 என்ற நான்கு எண்களைக் கொடுத்துப் பார்த்தால் போதும். நிரல் எழுதுபவர் 'பெரியது' என்பதற்கும் 'பெரியது அல்லது சமம்' என்பதற்கும் இடையில் தடுமாறுவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான்.

எஸ்.கியூ.எல். படித்தபோதும் இப்படியொரு பழைய முகம் எதிர்ப்பட்டது. 1974-இல் ஐ.பி.எம்.மில் சேம்பர்லினும் பாய்ஸும், நிரலாளர் அல்லாதவர்களும் தரவுத்தளத்தைக் கேள்வி கேட்க முடிய வேண்டும் என்று உருவாக்கிய மொழி அது. அதில் 'நல்' என்றால் மதிப்பே இல்லை; பூஜ்யம் வேறு, நல் வேறு. என்னுடன் படித்த இளைஞர்கள் இதில் குழம்பினார்கள், நான் குழம்பவில்லை. எங்கள் ஆய்வுப் பதிவேட்டில் கழிவு எண்ணிக்கைக்கான கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் ஆய்ந்து பார்த்ததில் குறை இல்லை என்று பொருள். கட்டம் காலியாக இருந்தால் அன்று யாரும் பார்க்கவே இல்லை என்று பொருள். இந்த வேறுபாட்டை மதிக்காமல் காலிக் கட்டங்களில் பூஜ்யம் போட்டு நிரப்பிய பயிற்சியாளர்களிடம் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன்!

பட்டறையிலிருந்து என்னுடன் வராமல் போனது டிராயிங். பட்டறையில் கையொப்பமிட்ட டிராயிங் இருக்கும். அதற்கு மீறினால் கழிவு, பேச்சுக்கு இடமில்லை. இங்கோ தேவை என்பது ஒரு மின்னஞ்சலின் மூன்றாவது வரியாகவோ, கூட்டத்தில் யாரோ சொன்ன வார்த்தையாகவோ இருக்கிறது. குறை என்று நான் பதிவு செய்வதை, அப்படித்தான் வடிவமைத்தோம் என்று சொல்லி மூடிவிடுகிறார்கள்; சில சமயம் அது உண்மையாகவும் இருக்கிறது. முதல் மூன்று மாதங்கள் இதைச் சொந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டேன். பழைய பட்டறையின் லேத் ஆபரேட்டர் ஒருவரைத் தேநீர்க் கடையில் பார்த்தபோது, "ஏனுங்க சார், டிராயிங்கே இல்லாம எப்படீங்க ஓகே போடறீங்க?" என்று கேட்டார். சரியான கேள்வி. இப்போது எந்த வேலை வந்தாலும், சோதிக்கும் முன்பே எது சரி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். அதனால் குழுவில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு.

வேலை கிடைத்தது பதினோராவது நேர்காணலில். ஒரு லிஃப்டை எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேட்டார்கள். எத்தனை மாடி, எத்தனை கிலோ தாங்கும், அந்த எடையைத் தாண்டினால் கதவு மூடலாமா கூடாதா என்று நான் திருப்பிக் கேட்டேன். அரை மணி நேரம் லிஃப்டைப் பற்றியே பேசினோம்.

சம்பளத்தைச் சொல்வதாக இருந்தால், பட்டறையில் முப்பத்திரண்டாயிரம் வாங்கிக்கொண்டிருந்தவன் இருபத்திரண்டாயிரத்தில் சேர்ந்தேன். அந்தப் பத்தாயிரத்தை ஓராண்டுக்கு எப்படி ஈடுகட்டுவது என்று வேலையை விடுவதற்கு முன்பே மனைவியும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தோம். தங்கக் காசுச் சீட்டை நிறுத்தினோம், மற்றதைச் சேமிப்பிலிருந்து எடுத்தோம். என் குழுத் தலைவருக்கு இருபத்தைந்து வயது. என்னைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார், அது இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. கையால் செய்யும் சோதனைக்கான வேலைகள் குறைந்துவருவதால், ஞாயிற்றுக்கிழமைகளில் பைத்தான் என்ற நிரல் மொழியும், இணையப் பக்கங்களைத் தானாக இயக்கிச் சோதிக்க உதவும் செலினியம் என்ற கருவியும் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் எழுதிய நிரல் உள்நுழைவுப் பக்கத்தைத் தானாகத் திறந்து, தவறான கடவுச்சொல்லைக் கொடுத்து, பிழைச் செய்தி வருகிறதா என்று பார்க்கிறது. பக்கம் ஏற்றப்பட நேரமானால் மட்டும் காத்திருக்கத் தெரியாமல் விழுந்துவிடுகிறது. அதைத்தான் இந்த வாரம் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.