டெல்டாவுக்கு எட்டாத மருந்தாய்வு

புதிய மருந்தையோ சிகிச்சையையோ மனிதர்களுக்குக் கொடுத்துப் பலனைக் கண்டறியும் மருந்தாய்வு என்றதும் எங்கள் மயிலாடுதுறைப் பக்கத்தில், "நம்மை வைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள்" என்ற பேச்சுதான் முதலில் எழும். அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. முறையான ஒப்புதல் பெறாமல் ஆய்வுகள் நடப்பதாக உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்த பிறகுதான், 2013-இல் விதிகள் இறுக்கப்பட்டன. 2019-ஆம் ஆண்டின் விதிகளின்படி, பங்கேற்பவருக்குப் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சை அளிக்க வேண்டும்; ஆய்வினால்தான் அது நேர்ந்தது என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு. இந்த விவரம் நோயாளிகளின் காதுக்கு எட்டுவதே இல்லை.

காசநோய்க்கு இன்று நாம் வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடுகிறோம் என்றால், அதற்கு வழிவகுத்தது 1956-இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியம் எனப்படும், காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையிலும், மற்றவர்கள் தங்கள் வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை பெற்றார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்ததோடு, உடன் வாழ்ந்தவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை என்பது 1959-இல் வெளியான முடிவு. நம் மாநிலத்து ஏழைகள் பங்கேற்று உலகத்தின் வழக்கத்தையே மாற்றிய இந்தச் செய்தி, நம் பாடப்புத்தகங்களில் இருந்திருக்க வேண்டியது.

இப்போதோ புதிய ஆய்வுகள் பெரும்பாலும் சென்னை, வேலூர், கோவை போன்ற நகரங்களைச் சுற்றியே நடக்கின்றன. அனுபவமுள்ள மருத்துவர், பங்கேற்பவர்களின் நலனும் உரிமையும் காக்கப்படுகின்றனவா என்று பார்த்து ஆய்வுக்கு ஒப்புதல் தரும் பதிவு பெற்ற நெறிமுறைக் குழு, ஆய்வகம், தொடர்ந்து கண்காணிக்கும் ஊழியர்கள் எல்லாம் அங்கே முன்பே இருப்பதுதான் காரணம். சொந்தமாக நெறிமுறைக் குழு இல்லாத மருத்துவமனைகூட 50 கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள வேறொரு குழுவின் ஒப்புதலோடு ஆய்வு நடத்த விதி இடம் தருகிறது. அதைப் பயன்படுத்த முன்வருபவர்கள்தான் வேண்டும். தஞ்சாவூரில் 1959 முதலும் திருவாரூரில் 2010 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கும்போது, இது எட்டாத கனவும் அல்ல.

இங்கிருந்து சென்னை 250 கிலோமீட்டருக்கு மேல். ஆய்வில் சேர்ந்தவர் குறித்த தேதிகளில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். நடவு நாளிலோ அறுவடை நாளிலோ அப்படிப் போனால், கூலியும் போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். பங்கேற்பவருக்குப் பணம் ஏதேனும் தருவதானால் ஒப்புதல் படிவத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பதால், கையெழுத்திடும் முன் அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எங்கே என்ன ஆய்வு நடக்கிறது என்று அறிய 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. 2009 ஜூன் 15 முதல் மருந்தாய்வுகளை அதில் பதிவது கட்டாயம். நடக்கும் இடம், தொடர்புகொள்ள வேண்டியவர் எல்லாம் இருந்தும், அத்தனையும் ஆங்கிலம். நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவில், தமிழ்நாட்டில் ஆள் சேர்க்கும் ஆய்வுகளை மாதம் ஒருமுறை தமிழில் எழுதி ஒட்டலாம். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடுகூடத் தேவைப்படாது.