பூச்சி மருந்து உரிமம்: ஒரு மார்க்‌ஷீட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும்

காட்பாடி பக்கம் அபார்ட்மெண்ட், பள்ளிக்கூடம் என்று புல்தரை பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். பூச்சி ஒழிப்பு உரிமம் உள்ளவர்கள்தான் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அப்புறம் எங்கே போனாலும் "லைசென்ஸ் இருக்கா?" என்ற கேள்வி. சரி, எடுத்துவிடலாம் என்று இறங்கினேன்.

விவசாயப் பட்டம், அல்லது வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டம் வேண்டும். கூடவே குறைந்தது 15 நாள் பயிற்சி. மைசூரு சி.எப்.டி.ஆர்.ஐ.யில் (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம்) பயிற்சி நல்லபடியாக முடிந்தது.

விண்ணப்பத்தில்தான் மாட்டினேன். நான் படித்தது விலங்கியல், வேதியியல் துணைப்பாடம். பட்டச் சான்றிதழில் அந்தப் பெயரே வராது. காகிதங்களைப் புரட்டி "எல்லாம் இருக்கு" என்று வாங்கிக்கொண்ட ஊழியரே மூன்று வாரம் கழித்து "கெமிஸ்ட்ரி படிச்சதுக்கு ஆதாரம் எங்கே?" என்றார். அன்றைக்கே கேட்டிருந்தால் மறுநாளே கொடுத்திருப்பேன். மே மாத வேலூர் வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போனது வீண். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. துணைப்பாடமாகப் படித்தவர்கள் மார்க்‌ஷீட் நகலையும் முதல் நாளே சேர்த்து வையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

அடுத்தது குடோன் ஆய்வு. பூச்சி மருந்தைத் தனி அறையிலோ, பூட்டிய தனி அலமாரியிலோதான் வைக்க வேண்டும் என்பது விதி. என்னிடம் அலமாரி இருந்தது, பூட்டு இல்லை. வந்த அதிகாரி கீழ்த்தட்டிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

"தம்பி, இது என்ன?"

எங்கள் வீட்டு ரோஜாச் செடிக்குக் கலக்கி மிச்சமான மருந்து. வெள்ளை வெளேரென்று, பார்க்க நீர்மோர் மாதிரியே இருந்தது. என் நான்கு வயது மகள் மத்தியானத்தில் விளையாடும் இடம் அது. அவர் வேறெதுவும் சொல்லவில்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அன்று மாலையே பூட்டு வாங்கினேன். உர மூட்டைகளை வேறு அறைக்கு மாற்றினேன். இரண்டாவது ஆய்வு இருபது நிமிடத்தில் முடிந்து, உரிமமும் வந்தது.

இப்போது அன்றைக்கு வேண்டிய அளவுதான் கலக்குகிறேன். மருந்து அதன் லேபிள் ஒட்டிய டப்பாவை விட்டு வேறெதிலும் ஏறுவதில்லை. காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுகிறேன். காயலான் கடைக்காரர் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பதில்லை.