அவர் சொன்ன சொல்லையே எழுது

ஜூலை 8, திங்கள்

மொரீஷியஸில் எங்கள் ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி, குவாத்ர் போர்னில் பஸ் மாறி, ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் வந்து சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. வழியெல்லாம் கரும்பு வெட்டு. இளைஞர்களோடு வேலை செய்கிறவர்களுக்கான ஐந்து நாள் பயிற்சி இது. ரீயூனியன், மடகாஸ்கர், சேஷெல்ஸ், தென்னாப்பிரிக்கா எல்லாம் சேர்த்துப் பதினெட்டுப் பேர், தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

கற்க வந்தது கிராஃபிக் ஃபெசிலிடேஷன். கூட்டத்தில் பேசுவதை அப்போதே, எல்லோரும் பார்க்க, சுவரில் ஒட்டிய பெரிய தாளில் சொல்லும் படமுமாக ஏற்றுவது. ஓரமாக நின்று பதிவு மட்டும் செய்தால் அதற்கு ரெக்கார்டிங் என்று பெயர். அந்தத் தாளை வைத்தே கேள்வி கேட்டு, பேச்சை நகர்த்திக்கொண்டு போவதுதான் ஃபெசிலிடேஷன். 1970-களில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் வளர்ந்த முறை, அதை வளர்த்தவர்களில் ஒருவரான டேவிட் சிபெட் 1977-இல் இதற்கென்றே ‘தி குரோவ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். எனக்குப் படம் வரையவே வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வட்டம், சதுரம், முக்கோணம், கோடு, புள்ளி போதும் என்றார் பயிற்றுநர்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று முழுக்க எழுத்து. உளிமுனை மார்க்கரின் விளிம்பு முழுவதும் தாளில் படிய வேண்டும், விரலைத் திருப்பாமல் கையையே நகர்த்த வேண்டும், எல்லாம் பெரிய எழுத்தில், அதாவது கேப்பிடல் லெட்டரில் இருக்க வேண்டும். சரி, தமிழில் ஏது பெரிய எழுத்து? மற்றவர்கள் எங்கள் தீவுகளின் பேச்சுமொழியான கிரியோலும் பிரெஞ்சும் எழுதி முடித்துவிட்டார்கள், நான் ‘ஞ’வின் வளைவில் நின்றுகொண்டிருந்தேன். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து, ஐந்து மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் புள்ளி எது கறை எது என்றே தெரியவில்லை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்ததில் பிடிபட்டது இதுதான்: தமிழுக்கு உருண்டை முனை. புள்ளியைக் குட்டி வட்டமாகவே போடுவது. சொற்களுக்கிடையே இரட்டிப்பு இடம் விடுவது. இன்னொன்று, கட்டத்தைப் போட்டுவிட்டு அதற்குள் சொல்லைத் திணிக்கக் கூடாது, சொல்லை எழுதிவிட்டுத்தான் சுற்றிக் கட்டம் போட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள விதி. ‘நம்பிக்கையில்லை’ மாதிரி நீளச் சொற்கள் உள்ள நமக்கு அது கைகொடுக்கும் விதி. இதைத் தமிழில் செய்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

ஜூலை 10, புதன்

முதலில் கறுப்புக் கோடு, அது காய்ந்ததும் சாம்பல் நிழல், கடைசியில் ஒன்றிரண்டு நிறம். இது சீக்கிரம் வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் மனதை அறுக்கிறது. ரீயூனியன்காரப் பெண் ஒருவர் தன் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்காகப் பிரான்சுக்குப் போவதைப் பற்றிப் பேசினார். அவர் கிரியோல் வேறு, எங்கள் கிரியோல் வேறு, நாங்கள் ‘மோ’ என்பதை அவர்கள் ‘மீ’ என்பார்கள், ஆனாலும் புரிந்தது, புரிந்துவிட்டது என்ற அந்த நினைப்பில் நான் ஒரு விமானம் வரைந்து பக்கத்தில் ‘இடப்பெயர்வு’ என்று எழுதிவிட்டேன். பேசி முடித்ததும் தாளருகே வந்து அது என்ன சொல் என்று கேட்டார். சொன்னேன். நான் அப்படிச் சொல்லவில்லையே, கிளம்பத் தெரிந்த பிள்ளைக்குத் திரும்பத் தெரியவில்லை என்றுதானே சொன்னேன் என்றார். கோபம் இல்லை, முகம் மட்டும் வாடிவிட்டது. வெள்ளை ஸ்டிக்கரை அந்தச் சொல்மேல் ஒட்டி, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அதைப் பார்த்த பிறகுதான் சேஷெல்ஸிலிருந்து வந்தவர், மூன்று நாளாக வாயே திறக்காதவர், தன் அண்ணனைப் பற்றிப் பேசினார்.

ஜூலை 12, வெள்ளி

நேற்றும் இன்றும் பயிற்சிதான். தோள் வலிக்கிறது. காதும் கையும் ஒன்றாக வேலை செய்ய இன்னும் பல மாதம் ஆகும். வரைவதைவிட, வரையாமல் நின்று கேட்பதுதான் கஷ்டம்.

ஜூலை 20, சனி

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் முதல்முறை. பன்னிரண்டு பிள்ளைகள், கூட வந்த மூன்று பாட்டிகள். தாள் நடுவில் ஒரே கேள்வி எழுதினேன்: “இங்கே எதற்கு வருகிறோம்?” அம்மா அனுப்பினார், பரீட்சை, காவடி என்று வந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் ஒரு பெண், “தேவாரம் பாடுறேன், அர்த்தம் தெரியல” என்றாள். எழுதினேன். கூட இருந்த ஆசிரியர் என் காதருகே, அதைக் கொஞ்சம் மாற்றி எழுதலாமே என்றார். மாற்றவில்லை, பெரிதாகவே எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அப்படியே விட்டேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது ஒரு பாட்டி மட்டும் தாள் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். “மோ ஓசி மோ பா கொனே” என்றார், எனக்கும் தெரியாது என்று. மார்க்கரை மூடியிருந்தேன். திறந்து அதையும் பக்கத்திலேயே எழுதினேன்.