120 மணி நேரமும் ஒரு குடம் தண்ணீரும்

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிவைத்த நாட்டு நலப்பணித் திட்டத்தை, நம்மில் பலர் ஏழு நாள் முகாமாகவும் அதன் பிறகு கைக்கு வரும் சான்றிதழாகவும்தான் நினைவில் வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 என்று வருகைப் பதிவேட்டில் கணக்கு சரியாகவே இருக்கும். அந்த நேரத்தில் மாணவர் தம் பாடத்தில் எதைக் கற்றார் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேதியியல் மாணவரும் வணிகவியல் மாணவரும் ஒரே வாய்க்காலைத் தூர்வாரிவிட்டு வீடு திரும்பினால் அது சேவை மட்டுமே. படிக்கும் பாடத்தை ஊரின் தேவைக்குப் பயன்படுத்தியே கற்கும் சேவைவழிக் கற்றல் ஆகாது.

ஆய்வகத்தில் நீரின் கடினத்தன்மையை அளக்க, ஆசிரியர் கலந்து வைத்த மாதிரி நீரில் எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டியைச் சில துளிகள் விட்டு, பியூரெட் என்னும் அளவுக்குழாயிலிருந்து, கடினத்தன்மை தரும் கால்சியம், மெக்னீசியத்தைப் பிணைக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடத்தைக் குறித்துக்கொள்வது வழக்கமான செய்முறைதான். அதையே, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறுகிறது, பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று பெண்கள் அலுத்துக்கொள்ளும் ஓர் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீரில் செய்தால், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாவிடில் 600 வரை அனுமதி என்னும் இந்தியத் தரநிலைக்கு அப்போதுதான் பொருள் விளங்கும். "கொதிக்க வெச்சா போதுமா தம்பி?" என்று ஒரு பாட்டி கேட்டால், தற்காலிகக் கடினத்தன்மை கொதிக்க வைத்தால் நீங்கும், நிரந்தரமானது நீங்காது என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். வாய்மொழித் தேர்வே தேவலாம் என்று தோன்றிவிடும்.

இதற்கு நம்மிடம் முன்னோடி இல்லாமல் இல்லை. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டி அருகே 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தில், 1956-இல் உருவாகி 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கிராமிய நிறுவனம், கற்பித்தலோடும் ஆராய்ச்சியோடும் கற்றதை ஊர்மக்களிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணியையும் சேர்த்தே வைத்தது. மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயில்வது அங்கே படிப்பின் ஒரு பகுதி.

மற்ற கல்லூரிகளில் என்னை உறுத்துவது முகாமுக்குப் பிந்தைய நிலைதான். அறிக்கை புகைப்படங்களோடு கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் (NAAC) குழுவுக்கான கோப்பில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்களுக்கு முடிவு என்னவென்றே தெரிவதில்லை. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் மாணவர்களே அதை வாசித்து, ஊராரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். செய்முறை மதிப்பெண்ணை அதற்குப் பிறகு போட்டால் போதும்.