வியன்னாவில் வால்ட்ஸ் கச்சேரி: டிக்கெட் வாங்கும் முன்

வால்ட்ஸ் என்னும் மூன்று தட்டு நடன இசைக் கச்சேரிகளுக்கு ஸ்டீபன் தேவாலயத்தைச் சுற்றியும் ஓபரா வாசலிலும் வெள்ளை விக், சிவப்புக் கோட் சகிதம் மடக்கி மடக்கி டிக்கெட் விற்பார்கள். விலையில் பேரம் நடக்கும். காசை எடுக்கும் முன் எந்த மண்டபம், எத்தனை வாத்தியக்காரர்கள், எந்த வரிசை என்று கேட்டுவிடுங்கள். 'மொஸார்ட், ஸ்ட்ராஸ்' என்று இசையமைப்பாளர்கள் பெயர் போட்ட அதே தலைப்பில் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் வாசிக்கும், ஐந்தாறு பேரும் வாசிப்பார்கள்.

1870இல் திறந்த மியூசிக்ஃபெரைன் பொன் மண்டபத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒலி அருமை. பார்வைதான் சிக்கல். பக்கவாட்டு மாடத்தில் முதல் வரிசையை விட்டால் எதிர்ச்சுவர்தான் தெரியும். விலை குறைவதும் அதனால்தான். காது போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் அங்கே விக் வைத்து வாசிப்பவர்கள் புகழ்பெற்ற வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா அல்ல! குர்சலோனில், அதாவது ஸ்ட்ராஸே வாசித்த பூங்கா மண்டபத்தில், கதை வேறு. தரை சமதளம் என்பதால் முன்வரிசைக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம்.

மொஸார்ட் சிம்பொனியில் ஒரு பகுதி முடிந்து இசை நின்றதும் கை தட்டிவிடாதீர்கள். நான்கு பகுதி இருந்தால் நான்காவது முடிந்த பிறகுதான். ஸ்ட்ராஸின் 'நீல டான்யூப்' வால்ட்ஸ் இன்னும் ஏமாற்றும். வயலின்கள் நடுங்க, ஹார்ன் மெல்ல எழும் முன்னுரை முடிந்த பிறகே வால்ட்ஸ் தொடங்கும். கடைசியில் எல்லாம் அடங்கி, முதல் மெட்டு மெல்லத் திரும்பி வரும். முடிந்தது என்று நினைக்கும்போது வேகம் பிடித்து ஓடி முடியும்.

வால்ட்ஸில் மூன்று தட்டு, நமக்குத் தெரிந்த திஸ்ரம்தானே என்று தொடையில் தாளம் போட்டால் இடறும். வியன்னாக்காரர்கள் இரண்டாவது தட்டைக் கொஞ்சம் முந்தியே வாசிப்பார்கள். மூன்றாவதற்கு முன் ஒரு சின்ன இழுவை விழும். அந்த இழுவை இல்லாமல் வாசித்தால் எனக்கு அது வால்ட்ஸாகவே படுவதில்லை.

கோட்டையும் முதுகுப்பையையும் வாசலில் ஒப்படைக்க வேண்டும், அதற்கு அரைமணி முன்னதாகப் போங்கள். தாமதமானால் ஒரு உருப்படி முடியும்வரை வெளியேதான். அச்சிட்ட நிரலில் பெரும்பாலும் இருக்காத ராடெட்ஸ்கி மார்ச் என்ற அணிவகுப்பு இசை, நிரல் முடிந்து ரசிகர்கள் இன்னும் ஒன்று வேண்டும் என்று கேட்கும்போது வரும். அப்போது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர் நம் பக்கம் திரும்பிக் கை காட்டுவார். தணிவாகக் காட்டினால் தணித்துத் தட்டுங்கள், ஓங்கினால் ஓங்கி. கோட் வரிசையில் முந்த எழுந்தவர்களுக்கு அது கதவுக்கு வெளியேதான் கேட்கும்.