என் பெட்டி காத்திருக்கட்டும்

ஆழ்கடல் துறைமுகம் வேணும்னு நானும் கேக்கறவன்தானுங்க. திருப்பூர்ல ஏத்தற பனியன் பெட்டி பலதும் கொழும்பு போய்த்தான் பெரிய கப்பலுக்கு மாறுது. கேரளாவுல இருக்கற விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2014ல சுற்றுச்சூழல் அனுமதி, 2024 ஜூலையிலதான் முதல் சரக்குக் கப்பல். "இத்தன வருசமா? இதுல மக்கள் கருத்து வேற கேக்கணுமா?"ன்னு கூட்டாளி சலிச்சுக்கறார்.

எங்க அப்புச்சி தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். கிணத்துப் படியில இன்னும் உப்பு பூத்திருக்கு; தொட்டா மாவாட்டம் விரல்ல ஒட்டும். அந்த அணை இருக்கற நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி இறங்குனப்ப அவரை ஒருத்தரும் கேக்கல. 2011ல உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகள மூடச் சொன்னப்ப மண்ணே செத்திருந்துச்சு.

மத்திய அரசோட 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, பெரிய துறைமுகம்னா 30 நாள் முன்னாடியே சொல்லி மக்கள் கருத்தைக் கேக்கணும். நம்ம தெக்குக் கடல்ல துறைமுகம் கட்டறதுன்னா, அங்க மன்னார் வளைகுடாவுல 21 தீவு, சுத்தியும் பவளப்பாறை. தூர்வாரற சேத்தை எங்க கொட்டுவீங்கன்னு வலை போடறவங்க நின்னு கேக்கட்டும். அதுவரைக்கும் என் பெட்டி கொழும்புலயே கிடக்கட்டுமுங்க.