டா நாங் வந்து 12 நாள்

வியட்நாமுக்குக் குடிவந்து இன்றோடு 12 நாள். இந்த ஊர் விடிவதே கடலில்தான், காலை 5 மணிக்கெல்லாம் மீ கே கடற்கரையில் தாத்தா பாட்டியிலிருந்து பொடிசுகள் வரை தண்ணீரில் நிற்கிறார்கள், வெயில் ஏறினதும் மணல் வெறிச்சோடிவிடுகிறது, மறுபடி சாயங்காலம்தான் கூட்டம்.

முதல் நாளே என்னை நிறுத்தியது கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வட்டப் படகு. நம்ம ஒகேனக்கல் பரிசலேதான்! நெருக்கமான மூங்கில் முடைசல், மேலே பிசின் பூச்சு, தொட்டால் உப்பு நரநரக்கிறது. அங்கே ஆற்றில் சுற்றுவது இங்கே அலையைத் தாண்டிப் போய் மீனோடு திரும்புகிறது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்றே தெரியவில்லை.

அப்புறம் மொழி. ‘மா’ என்பதைத் தட்டையாகச் சொன்னால் பேய், ஏற்றிச் சொன்னால் அம்மா. ஆனால் நம்மைப் போலவே வயது பார்த்து அண்ணன், அக்கா, தம்பி என்றுதான் எல்லாரையும் கூப்பிடுகிறார்கள். கீழ்வீட்டுக்காரரை ‘சி’, அதாவது அக்கா, என்று கூப்பிட்டேன், முகமெல்லாம் சிரிப்பு, சாயங்காலம் ஒரு தட்டு பப்பாளி வந்தது.

துணி மட்டும் இரண்டு நாளாகக் காயவில்லை. நாளைக்கு, முன்பு சிவனைக் கும்பிட்ட இங்குள்ள சாம் என்ற மக்களின் சிற்ப அருங்காட்சியகம் போகிறேன், சிவலிங்கங்களைப் பார்க்க.